துவாஸ் வரைக்கும் போக வேண்டுமா?

சிங்கப்பூர் வாசகர் கேள்வி, அக்காவின் பதில்

*அன்புள்ள அக்கா,*

*எனக்கு வயது 38. செங்காங்கில் இருக்கிறேன். தேக்காவில் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் 11 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கண்டெய்னரில் வரும். பில் போடுவது, பாக்கி வசூலிப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருள் சேவை வரிக் கணக்கு, 14 பேருக்குச் சம்பளம், மத்திய சேமநிதி என்று எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். சம்பளம் 3,600 வெள்ளி. வருடக் கடைசியில் 13ஆவது மாதச் சம்பளம், தீபாவளிக்கு ஒரு மாத போனஸ். காலை 9 முதல் மாலை 5.30 வரை வேலை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அரை நாள். வருடத்துக்கு 18 நாள் விடுப்பு.*

*எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலாளி ஒரு வார்த்தை கேட்க மாட்டார், "போம்மா" என்பார். அவருக்கு 68 வயது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு துறையில் இருக்கிறார்கள்.*

*இப்போது மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் 4,900 வெள்ளிக்கு வேலை வந்திருக்கிறது. சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் பிரிவு. காலை 8.30 முதல் மாலை 6 வரை, ஐந்து நாள் வேலை. 12 நாள் விடுப்பு. போனஸ் லாபத்தைப் பொறுத்து. ஒரு நாள் போய்ப் பார்த்தேன், வீட்டிலிருந்து ஒரு மணி 35 நிமிடம் ஆனது. இப்போது 40 நிமிடத்தில் கடைக்குப் போய்விடுகிறேன். மகள் தொடக்கநிலை 2. அவள் இருக்கும் மாணவர் பராமரிப்பு நிலையம் 7 மணிக்கு மூடிவிடும். கணவர் பேருந்து ஓட்டுநர், ஷிஃப்ட் வேலை. "மாசம் 1,300 வெள்ளி சும்மாவா?" என்று அவர் கேட்கிறார். நியாயம்தான். ஆனால் கடையை விட்டுப் போவதை நினைத்தாலே அழுகை வருகிறது. 28ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்வது?*

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் முதலில் தேடியது கால்குலேட்டரைத்தான். முப்பது வருடம் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். 1,300 என்ற எண்ணைப் பார்த்தவுடன் கை சும்மா இருக்கவில்லை.

நீங்களே மற்றவர்களுக்குச் சம்பளம் போடுகிறவர், ஆனால் சொந்தச் சம்பளத்தை யாரும் அப்படி உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. இப்போது உங்களுக்கு வருடத்துக்கு 14 மாதச் சம்பளம், அதாவது 50,400 வெள்ளி. துவாஸில் நிச்சயமாக வருவது 12 மாதம்தான், 58,800 வெள்ளி. வித்தியாசம் 8,400. மாதத்துக்குப் பிரித்தால் 700. அதில் உங்கள் சேமநிதிப் பங்கு 20 விழுக்காடு போனால் கைக்கு வருவது 560 வெள்ளி. முதலாளி போடும் 17 விழுக்காடும் கூடும்தான், அது வருடத்துக்கு 1,428 வெள்ளி. வீட்டுக் கடனைச் சேமநிதியிலிருந்து கட்டுகிறீர்கள் என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் 1,300, சமையலறை மேசைக்கு வந்து சேரும்போது 560 ஆகிவிடுகிறது. இதை அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். சண்டையாக வேண்டாம், இரண்டு பேரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பேச வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் நேரம். பயணம் போக 55 நிமிடம், வர 55 நிமிடம் கூடுதல். வேலை நேரமும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மாதத்துக்கு 22 நாள் என்று வைத்தால் 62 மணி நேரம். சனிக்கிழமை இல்லாதது லாபம், அதற்காகப் பயணத்தையும் சேர்த்து 11 மணி நேரம் கழித்துவிடுவோம். மீதி 51 மணி நேரம். 560 வெள்ளியை 51ஆல் வகுத்தால் மணிக்கு 11 வெள்ளி. செங்காங்கிலிருந்து வடகிழக்குப் பாதையில் ஊட்ரம் பார்க் வந்து, அங்கே கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறி, ஜூரோங் ஈஸ்ட், பூன் லே, ஜூ கூன் எல்லாம் தாண்டி நிற்கப்போகும் அந்த நேரத்தைத்தான் நீங்கள் மணிக்கு 11 வெள்ளிக்கு விற்கப் பார்க்கிறீர்கள். அதிலும் ரயில் கட்டணத்தை நான் இன்னும் கழிக்கவில்லை.

மகளை 7 மணிக்குள் யார் அழைத்து வருவார்கள் என்று உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. ஆறு மணிக்குத் துவாஸில் எழுந்து நீங்கள் செங்காங் வரும்போது ஏழரை தாண்டியிருக்கும். கணவருக்கு மாலை ஷிஃப்ட் வரும் வாரத்தில் என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டம்மாவைக் கேட்கலாம், ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாம். எதுவானாலும் அந்தச் செலவு இந்த 560இலிருந்துதான் போகும். முதல் மூன்று மாதம் இன்னொன்றும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு மூன்று மாதம் முடியும்வரை சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கிடையாது, பிள்ளைக்கான விடுப்பும் அதற்கு அப்புறம்தான். ஒப்பந்தத்தில் தாராளமாகக் கொடுத்திருந்தால் சரி, படித்துப் பாருங்கள். "போம்மா" என்று சொல்லும் ஆள் அங்கே இருப்பாரா என்று ஒப்பந்தத்தில் போட மாட்டார்கள்.

இவ்வளவையும் படித்ததும் நான் உங்களைக் கடையிலேயே இருக்கச் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் என் கதையைச் சொல்ல வேண்டும். 1996இல் எனக்கு 31 வயது. அரப் ஸ்திரீட் பக்கம் ஒரு துணி இறக்குமதிக் கடையில் கணக்கு வேலை. 1,450 வெள்ளி சம்பளம். முதலாளி குஜராத்திக்காரர், அவர் மனைவி மதியத்துக்கு எனக்கும் சேர்த்து ரொட்டி கொண்டு வருவார். உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் 1,950 கொடுத்தார்கள். தம்பி அப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், அப்பா வேலையில் இல்லை. நான் போனேன். கடைசி நாளில் அந்த அம்மா ஒரு புடவைத் துணியை மடித்துக் கையில் வைத்தார்கள். ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கும் அதை நான் தைத்துக் கட்டவில்லை, பெட்டியில்தான் இருக்கிறது.

1998இல் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. ஆசிய நிதி நெருக்கடி நேரம், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த வருடம், 1999 ஜனவரியில், சேமநிதிக்கு முதலாளிகள் போடும் பங்கையே 20 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறக்கினார்கள், அவ்வளவு நெருக்கடி. எங்கள் பிரிவில் பத்து வருடம், பன்னிரண்டு வருடம் இருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. அப்போது அதைக் கேட்க மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். எனக்கு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, முன்னறிவிப்புச் சம்பளத்தோடு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது அந்த ரொட்டியைத்தான் நினைத்தேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. துணிக்கடை 2001இல் மூடிவிட்டது. பிள்ளைகள் வியாபாரத்தை எடுத்து நடத்தவில்லை. நான் போகாமல் இருந்திருந்தால் 36 வயதில், கையெழுத்துக் கணக்குப் புத்தகம் மட்டும் தெரிந்தவளாக, தெருவில் நின்றிருப்பேன். தொழிற்சாலையில் இருந்த அந்த இரண்டு வருடத்தில் கணினியில் ஆயிரம் பேருக்குச் சம்பளம் போடக் கற்றுக்கொண்டேன். அடுத்த 25 வருடம் எனக்குச் சோறு போட்டது அதுதான். சம்பள உயர்வு இரண்டு வருடத்தில் போய்விட்டது, கற்றது போகவில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "அவருக்கு 68 வயது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு துறையில் இருக்கிறார்கள்." நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கேள்வியாகத் தெரிகிறது.

உங்கள் சந்தோஷத்தைப் பிரித்துப் பாருங்கள். நேரத்துக்கு வீட்டுக்குப் போவது, விடுப்புக்குக் கெஞ்சாமல் இருப்பது, தீபாவளிக்குக் கிடைக்கும் ஒரு மாதம். இதில் பெரும்பங்கு அந்தப் பெரியவரின் நல்ல மனம் கொடுப்பது. 13ஆவது மாதச் சம்பளமானாலும் போனஸானாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உரிமை. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா? 11 வருடத்துக்கு முன்னால் கொடுத்த கடிதத்தை இன்று இரவே எடுத்துப் பாருங்கள். நாளை அவர் கடையை வேறொருவருக்கு விற்றால், அல்லது மூட்டு வலி தாங்காமல் ஷட்டரை இறக்கினால், உங்களுக்குப் பிடித்த இந்த வேலை என்ன ஆகும்?

இப்போது துவாஸ் வேலையை இதே கண்ணால் பாருங்கள். அங்கே சப்ளையர் பில்லைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவது மட்டும்தான். கடையில் நீங்கள் முழுக் கணக்கையும் பார்க்கிறீர்கள். 7 விழுக்காடு வரி 2023இல் 8 ஆனபோதும், 2024இல் 9 ஆனபோதும் பழைய பில், புது பில் என்று பிரித்து ராத்திரி உட்கார்ந்து கணக்கை நேர் செய்திருப்பீர்கள். அது சின்ன வேலையா? ஒரு துண்டு வேலைக்குப் போய் ஐந்து வருடம் இருந்தால், முழு வேலை தெரிந்த நீங்கள் அந்தத் துண்டு மட்டும் தெரிந்தவராகிவிடலாம். 1996இல் எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி. தெரியாததைக் கற்றுக்கொள்ளும் இடத்துக்கு நான் போனேன்.

அதனால் சொல்கிறேன், இந்த வேலைக்குப் போகாதீர்கள். தூரம், நேரம், மகள், கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாதது, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 560 வெள்ளிக்கு இது கட்டாது.

ஒரே ஒரு விஷயத்தில் என் பதில் மாறும். இந்தக் கூடுதல் பணம் எதற்கு என்று கடிதத்தில் நீங்கள் ஒரு இடத்திலும் எழுதவில்லை. கடன் அடைக்க முடியாமல் தவிக்கிறீர்கள், வீட்டில் யாருக்கோ மருத்துவச் செலவு ஓடுகிறது என்றால் சொல்லுங்கள், வேறு மாதிரி யோசிப்போம். என் தம்பியின் படிப்புக்காக நான் போனதை இன்றும் நான் தப்பு என்று நினைக்கவில்லை.

ஆனால் இருக்கும் இடத்தில் அப்படியே இருந்துவிடவும் கூடாது. 28ஆம் தேதிக்கு முன்னால் முதலாளியிடம் உட்கார்ந்து பேசுங்கள். துவாஸ் கடிதத்தை மேசையில் போட்டு மிரட்ட வேண்டாம், அந்த மனிதரிடம் அது எடுபடாது, உங்களுக்கும் அப்படிப் பேச வராது. கடை மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, "ஐயா, எனக்கு வேற இடத்துல வேலை வந்திருக்கு, போக மனசில்லை, ஆனா இரண்டு விஷயம் கேட்கணும்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒன்று சம்பளம். 400 வெள்ளி கூட்டிக் கேளுங்கள். சேமநிதிப் பங்கோடு 14 மாதத்துக்கு அவருக்கு ஆகும் செலவு 6,552 வெள்ளி. நீங்கள் போனால் வரி, சம்பளம், வசூல் மூன்றையும் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பழக்க வேண்டும், அதில் இதைவிட அதிகம் போகும் என்று ஒரு வியாபாரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனஸை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கடை என்ன ஆகப்போகிறது என்று கேளுங்கள். இதைக் கேட்கத்தான் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். மரியாதை இல்லாமல் போய்விடுமோ என்று தோன்றும். போகாது. 11 வருடம் பணப்பெட்டிச் சாவி வைத்திருந்த பெண் கேட்கிறாள், அவர் சொல்வார். அவரே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயமாகத்தான் இருக்கும். இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவேன் என்றால் உங்களுக்கு ஐந்து வருட நேரம். இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம். தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. கடையை மூடும் நாள் வந்தால், இப்போது இரண்டு வருடமாவது பணியாற்றியவர்கள் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கலாம். தொகையைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. பணியாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் என்பது வழக்கம். வேலை மாறினால் உங்கள் 11 வருடம் அந்த நிமிடமே பூஜ்யமாகிவிடும். 1998இல் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் நான் கற்ற பாடம் இது.

அந்த நேரத்தைப் படிப்புக்குப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு வேலை தெரியும், அதைக் காட்ட ஒரு தாள் இல்லை. நீங்கள் சிங்கப்பூரர் என்றால், 40 வயதாகும்போது, படிப்புக்காக அரசாங்கம் பணம் போடும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி வரும், இன்னும் இரண்டே வருடம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், கையில் இருக்கும் தொகைக்குள் வரும் சிறிய கணக்கியல் மென்பொருள் வகுப்பு ஒன்றை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் வேலை தேடும்போது வடகிழக்குப் பாதையில் செங்காங்கிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை எத்தனை அலுவலகங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். துவாஸ் எங்கும் ஓடிப்போகாது. நகரத்துக் கரையில் இருக்கும் துறைமுகம் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது, 2040களில் எல்லாம் அங்கே சேர்ந்துவிடும் என்பது திட்டம். மகள் தானாகப் பள்ளிக்குப் போய்வரும் வயது வந்த பிறகும் அங்கே வேலை இருக்கும்.

போகும்போது அழுகை வரும் என்று எழுதியிருந்தீர்கள். வரும், தங்கச்சி. எப்போது போனாலும் வரும். அப்படி அழ வைக்கும் இடத்தில் 11 வருடம் இருக்கக் கிடைத்ததே பெரிய விஷயம் என்று நான் மனமாரச் சொல்கிறேன். முதலாளி என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

---

*அக்கா, எனக்கு 25 வயது. உட்லண்ட்ஸில் பெற்றோருடன் இருக்கிறேன். மின்தூக்கிப் பராமரிப்புத் தொழில்நுட்பராக மூன்று வருடம். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரி. இன்னொரு நிறுவனத்தில் 700 வெள்ளி அதிகம், புது வகை மின்தூக்கிகளுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். வீட்டிலிருந்து இரண்டு இடமும் ஒரே தூரம்தான். இவர்களை விட்டுப் போவது துரோகம் மாதிரி இருக்கிறது. போகலாமா?*

போங்கள் தம்பி. உங்களைக் கட்டிப்போட எதுவும் இல்லை. தூரம் கூடவில்லை, கற்றுக்கொள்ள வழி இருக்கிறது, 25 வயது. அண்ணன் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடைக்கு வருவார்கள், வராதவர்கள் ஒரே இடத்தில் இருந்தாலும் இன்னும் இரண்டு வருடத்தில் வேறெங்காவது போய்விடுவார்கள். குழுத் தலைவரிடம் முதலில் நீங்களே நேரில் சொல்லுங்கள், வேறு யார் வாயாலும் அவர் கேட்கக் கூடாது. துரோகம் மாதிரி தோன்றுவது அதோடு பாதி குறையும்.

ஒரு கவனம். புது நிறுவனத்தின் கையெழுத்திட்ட நியமனக் கடிதம் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிட்டு நின்ற பிள்ளைகளை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். பயிற்சி தருகிறோம் என்று சொன்னால், அதற்காக இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்களா, இடையில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ஒன்றும் எழுதவில்லை என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் ஐந்து வருடத்துக்குள் பணியாற்றியவருக்குச் சட்டப்படி இரண்டு வாரம். அந்த நாள்களை முழுதாக வேலை பார்த்துவிட்டுப் போங்கள், கடைசி நாளிலேயே உங்கள் கடைசிச் சம்பளம் வந்துவிட வேண்டும். புது இடத்தில் முதல் சம்பளச் சீட்டு வந்ததும் கூடுதல் நேர வேலைக்கு என்ன விகிதத்தில் போட்டிருக்கிறார்கள், சேமநிதி சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.